சிவப்பு மையில் எழுதிய நாலு அடி

என் கணவருக்கு இரண்டு பைத்தியம். ஒன்று செய்யுள், மற்றொன்று சரித்திரம். ஒன்று இருந்தாலே ஒரு குடும்பத்துக்குத் தாங்காது. ஒத்துப்போகாத இரண்டு சம்சாரத்தைக் கட்டிக்கொண்டவர் மாதிரி, வார நாட்களில் சாயங்காலம் ஒருத்தியிடமும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் இன்னொருத்தியிடமும் இருந்தார். நான் மூன்றாமவள். எனக்கு எந்தக் கிழமை என்று நான் கேட்டதில்லை.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுத் தெருவில் எங்கள் வீடு. அவர் பிறந்ததும் அதே வீட்டில்தான். அவருடைய அப்பா, அண்ணன், மாமன் எல்லோரும் தறிக்குழியில் கால் விட்டு உட்கார்ந்தவர்கள். இவரும் பதினாறு வயது வரை உட்கார்ந்தார். பிறகு எப்படியோ படித்து, ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழ் வாத்தியார் ஆகிவிட்டார். எங்கள் தெருவிலிருந்து பள்ளிக்கூடத்துக்குக் கோட்டு போட்டுக்கொண்டு போன முதல் ஆள் அவர்தான். காலையில் தெரு நெடுக, தறிக்கு ஏற்றப்போகும் நீள இழைகளைப் பாவாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். அந்தப் பாவு அழுக்காகிவிடக் கூடாதென்று, கோட்டின் ஓரத்தைச் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டு சுவரோரமாகவே நடந்து போவார்.

ஞாயிற்றுக்கிழமை பழைய சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, தேங்காய் நார், சுண்ணாம்புப் பொடி, நோட்டுப் புத்தகம் ஆகியவற்றைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். முசரவாக்கம் பக்கம் ஒரு இடிந்த மண்டபத்தில் எழுத்து தெரிகிறது என்று யாராவது சொன்னால் போதும், நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வருவார். கோயிலில் எல்லோரும் சாமியைப் பார்ப்பார்கள். இவர் சாமிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடிச்சுவரைப் பார்ப்பார். கல்லைக் கழுவித் தேய்த்துப் பொடியைத் தடவினால் எழுத்து வெள்ளையாகத் தெரியும். குருக்கள் ஒருவர், "சுவருக்கு அபிஷேகம் ஆயிடுத்தா? அப்போ உள்ளே தீபாராதனை காட்டலாமா?" என்று கேலி செய்வாராம். அதை வீட்டுக்கு வந்து அவரே சொல்லிச் சிரிப்பார்.

இந்த வேலையில் அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கல்லில் இருப்பதைக் கறுப்பு மையில் எழுதிக்கொள்வார். கல் பொரிந்து எழுத்து போன இடத்தில் மற்றவர்கள் புள்ளி வைத்து விட்டுவிடுவார்கள். இவரால் அப்படி விட முடியாது. அறுந்த இழையைப் பார்த்தால் முடி போடாமல் கை அடங்காத தெருவில் வளர்ந்தவர். அங்கே என்ன இருந்திருக்கும் என்று தமக்குத் தோன்றியதைச் சிவப்பு மையில் எழுதுவார். கறுப்பு கல்லுடையது, சிவப்பு என்னுடையது என்று எனக்கு முதல் நாளே சொல்லிவிட்டார்.

எனக்கு ஏன் சொன்னார் என்றால், அச்சுக்குப் போகும் பிரதியை எழுதுவது நான். மிஷன் பள்ளியில் ஐந்தாவது வரை படித்தவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். அவர் எழுத்து கோழி கிளறியது போல இருக்கும். சிவப்பு வரிகளின் அடியில் நான் ஒரு கோடு போட வேண்டும். அச்சுக்காரர் அதைப் பார்த்துச் சின்ன எழுத்தில் கோப்பார். இதுதான் ஏற்பாடு.

செய்யுள்களையும் நான்தான் எழுதினேன். ஆயிரத்துக்கு மேல் இருக்கும். இந்த ஊரின் கோபுரம், குளம், வீதி ஒன்றையும் அவர் விடவில்லை. எல்லாம் இலக்கணத்துக்குச் சரியாக இருக்கும். எதுகை தப்பாது, மோனை தப்பாது. கோபுரம் என்றால் வானைத் தொடும், குளம் என்றால் மீன் துள்ளும். எழுதி முடித்துப் பேனாவைக் கீழே வைத்தால் எனக்கு ஒரு வரிகூட நினைவில் நிற்காது. அதை நான் அவரிடம் சொன்னதில்லை. எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை என்று இருந்தேன்.

எங்களுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பதினோரு மாதம் இருந்தது. ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து நாலாம் நாள் போய்விட்டது.

நான் அழவில்லை. தெருப் பெண்கள் வந்து கட்டிக்கொண்டு அழுது பார்த்தார்கள். எனக்கு வரவில்லை. என்னைச் சுற்றிலும் ஈரத்துணியைச் சுற்றி வைத்த மாதிரி இருந்தது. சத்தம் எல்லாம் தூரத்திலிருந்து வந்தது. பத்து நாள் கழித்து அவர் சரித்திரப் புத்தகத்தின் காகிதக் கட்டை என் முன்னால் வைத்தார்.

"பிரஸ்ஸுல கேக்கறாங்க. எழுதித் தர்றியா?"

என்ன மனிதன் இவன் என்று ஒரு கணம் நினைத்தேன். அந்த நினைப்புகூடச் சூடாக வரவில்லை. வாங்கிக்கொண்டேன். ஒன்றரை மாதம் தினமும் எழுதினேன். எழுதியது கைதான். நான் அங்கே இல்லை. இன்றைக்கும் அந்தப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தை எந்த நாள் எழுதினேன் என்று கேட்டால் ஒன்றும் தெரியாது.

அந்தக் காகிதங்களில் எங்கள் தெருக்கோடி அம்மன் கோயில் கல்வெட்டும் இருந்தது. அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பங்குனியில் அம்மனுக்குத் திருமஞ்சனம் ஆனதும் முதலில் ஒரு துணி சாத்துவார்கள். அதற்கப்புறம் எத்தனை பட்டு வந்தாலும் அது வேறு. அந்த முதல் துணியை நெய்து கொடுக்கும் உரிமை எங்கள் தெருவுக்கா, பின் தெருவுக்கா என்பது, எங்கள் மாமனாருக்கு மாமனார் காலத்திலிருந்து சண்டை. ஒரு வருஷம் இவர்கள், ஒரு வருஷம் அவர்கள், ஒரு வருஷம் கைகலப்பு என்று போய்க்கொண்டிருந்தது.

கோயிலின் பின்சுவரில் ஒரு கல்லில் எங்கள் தெருவின் பழைய பெயரும், நெசவுக்காரர்கள் துணி கொடுத்த விவரமும் இருந்தன. அதன் முடிவில் ஒரு பாட்டு. பாட்டில் மிஞ்சியிருந்தது இரண்டே சொல், "முன்னம் சாத்துவது" என்று. அதற்கு மேல் கல் பொரிந்து உதிர்ந்துவிட்டது. முதலில் சாத்துவது யாருடையது என்று சொல்ல வேண்டிய இடத்தில் கல் வாயை மூடிக்கொண்டது. மிச்சத்தை என் கணவர் சிவப்பு மையில் எழுதியிருந்தார்:

முன்னம் சாத்துவது எம்மோர் துகிலே;
பின்னர்ச் சாத்தும் பட்டெலாம் பெரிதே;
ஆயினும் குளித்தெழும் அம்மையின்
ஈர மேனி அறிந்தது எமதே.

இதையும் நான் கறுப்பு மையிலேயே எழுதினேன். அடியில் கோடு போடவில்லை. மறந்தேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை. சிவப்பு என் கண்ணில் படவே இல்லை.

புத்தகம் வந்தது. ஊரில் யாரும் படித்ததாகத் தெரியவில்லை. ஆனால் எங்கள் தெரு நாட்டாமைக்கு யாரோ அந்த ஒரு பக்கத்தைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள். நாட்டாமை பெரிய உடம்புக்காரர், நல்லவர், எழுதப் படிக்கத் தெரியாது. ஒரே நாளில் அந்த நாலு அடியையும் மனப்பாடம் செய்துவிட்டார். அடுத்த நாள் காலையில் பாவு இழுத்தவர்கள் அதைச் சொல்லிக்கொண்டே இழுத்தார்கள். வாசலுக்குக் கோலம் போடப் போன நான் அதைக் கேட்டேன். கேட்டதும்தான் எனக்குச் சிவப்பு ஞாபகம் வந்தது.

உள்ளே வந்து அவரிடம், "அது செவப்பு மையாச்சே" என்றேன்.

"தெரியும்."

"நான் கோடு போடலை."

"புரூப்புலயே பாத்துட்டேன்."

"பாத்துட்டு?"

அவர் கோட்டு பொத்தானைப் போட்டுக்கொண்டே பதில் சொன்னார். "அச்சுல பாக்கறதுக்கு நல்லா இருந்துது. கை வரலை. ரெண்டாம் பதிப்புல திருத்திக்கலாம்."

முதல் பதிப்பே பரணில் இருந்தது. இரண்டாம் பதிப்பு எங்கிருந்து வரும்? அது அவருக்கும் தெரியும்.

அந்தப் பங்குனியில் முதல் துணி எங்கள் தெருவிலிருந்து போனது. பின் தெருக்காரர்களில் அந்தப் பழைய எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை; புத்தகத்தைப் பார்த்துவிட்டு வழிவிட்டார்கள். கோயிலில் என் கணவர் தலையில் பரிவட்டம் கட்டினார்கள். பரிவட்டத்தோடு வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவிழ்த்து மடித்து வைத்தார். சந்தோஷமா என்று நான் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் நான் எதையும் கேட்பதில்லை.

இரண்டு வருஷம் கழித்துக் கோயில் திருப்பணி நடந்தது. நாட்டாமையே முன்னின்று நடத்தினார். சுவரெல்லாம் அழுக்காக இருக்கிறது என்று கல்தச்சர்களை வைத்துக் கொத்தி மழமழவென்று ஆக்கிவிட்டார். கல்வெட்டும் போயிற்று. என் கணவர் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடினார். நாட்டாமை அவரைச் சமாதானப்படுத்தினார்.

"அதான் பொஸ்தகத்துல ஏறிடுச்சே வாத்தியாரே. இன்னும் அந்த ஓட்டக் கல்லு எதுக்கு?"

கல் போனதும் பின் தெருக்காரர்களுக்குத் தைரியம் வந்தது. அந்தப் பாட்டு கல்லில் இருந்ததே இல்லை, வாத்தியார் தன் தெருவுக்காகத் தானே கட்டியது என்று முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார்கள். அவர்கள் சொன்னதில் பொய் இல்லை. பாட்டு இவருடையதுதான். ஆனால் அதை ஒத்துக்கொண்டால் அம்மன் துணி எங்கள் தெருவின் கையை விட்டுப் போகும். இருபது வருஷம் வெயிலில் கல்லைத் துடைத்துச் சேர்த்த பேரும் போகும். அவர் எழுதிய மற்றக் கல்வெட்டுகளையும் அப்புறம் யார் நம்புவார்கள்? ஒத்துக்கொள்ளாவிட்டால் பாட்டு அவருடையது இல்லை என்று ஆகிவிடும். அது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று அப்போது நான் யோசிக்கவில்லை. அவர் யோசித்திருப்பார்.

நாட்டாமை வீட்டுக்கு வந்தார். அவருக்குச் சந்தேகமே கிடையாது. "நம்ம தெரு மானம் உங்க வாயில இருக்குது. இருக்கறத இருக்கறபடி சொல்லுங்க, அது போதும்" என்று சொல்லிவிட்டுப் போனார். இவர் தலையை ஆட்டினார். ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அந்த நோட்டு எங்க இருக்குது?"

"என் டிரங்குப் பெட்டியில."

"சரி" என்றார். எடு என்றும் சொல்லவில்லை, இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை.

கோர்ட்டில் என்னையும் கூப்பிட்டார்கள். அச்சுக்குப் போன பிரதி என் கையெழுத்து அல்லவா. எங்கள் வக்கீல் காகிதத்தைக் காட்டி, நீங்கள் எழுதியதா என்றார். ஆமாம் என்றேன். கொடுத்ததில் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் எழுதினீர்களா என்றார். அதற்கும் ஆமாம் என்றேன். மை என்ன நிறம் என்று யாரும் கேட்கவில்லை. போய் வராண்டா பெஞ்சியில் உட்கார்ந்தேன். ஜன்னல் வழியாக எல்லாம் தெரிந்தது.

அடுத்து அவர் ஏறினார். எதிர் வக்கீல் மூல நோட்டைக் கேட்டார். கரையான் அரித்துவிட்டது என்றார் இவர். குரல் சாதாரணமாக இருந்தது. நாலு அடியும் கல்லில் இருந்ததா என்றதற்கு, இருந்தது என்றார். நீரே கட்டியதுதானே என்றதற்கு, இல்லை என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நாங்கள் இருவருமே எதிர்பார்க்கவில்லை. எங்கள் வக்கீல் கெட்டிக்காரர். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து ஒரு பெரிய பண்டிதரை வரவழைத்திருந்தார். திருமண் இட்டு, சரிகை அங்கவஸ்திரம் போட்டு வந்த அந்தப் பெரியவர், பழம் பாட்டுகளிலேயே வளர்ந்த குடும்பத்தைச் சேர்ந்தவர். யாரிடமும் கை நீட்டி வாங்கிப் பேசுகிறவர் இல்லை. அவர் நாலு அடியையும் ஒருமுறை வாய்விட்டுச் சொன்னார்.

"இது பழைய வாக்கு. சந்தேகமே வேண்டாம். ஆயிரம் பட்டு வரட்டும், ஈரம் அறிஞ்சது எங்க துணிதான்னு சொல்றான் பாருங்கோ. இப்படிச் சொல்ல இப்போ ஆள் கிடையாது."

"சாட்சிக்காரரும் செய்யுள் எழுதுகிறவர் என்கிறார்களே?" என்றார் எங்கள் வக்கீல்.

பண்டிதர் பக்கத்திலிருந்த புத்தகத்தை எடுத்தார். என் கணவரின் செய்யுள் புத்தகம். நான் எழுதிக் கொடுத்து அச்சான புத்தகம். நடுவில் பிரித்துக் குளத்தின் மேல் பாடிய ஒன்றைப் படித்தார். பிறகு கோபுரம், அதற்கப்புறம் தேர். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொரு எதுகைக்கும் விரலால் மேஜையைத் தட்டிப் படித்தார். பின்னால் யாரோ சிரித்தார்கள். முன்சீப் வாயை மூடிக்கொண்டு குனிந்தார். எங்கள் தெருக்காரர்கள்தான் எல்லோரையும்விடப் பலமாகச் சிரித்தார்கள், ஏனென்றால் வழக்கு ஜெயிக்கிறது என்று அவர்களுக்குப் புரிந்துவிட்டது.

"குற்றம் ஒண்ணும் இல்லை. இலக்கணம் சுத்தமா இருக்கு. உயிர்தான் இல்லை. இதை எழுதின கை அதை எழுதியிருக்காது" என்று சொல்லிப் பண்டிதர் புத்தகத்தை மூடினார்.

எங்கள் வக்கீல் என் கணவரை மறுபடி கூப்பிட்டார். பண்டிதர் சொன்னதை ஒத்துக்கொள்கிறீர்களா என்று கேட்டார்.

"ஒத்துக்கறேன்."

"இந்த நாலு அடி மாதிரி உங்களால் எழுத முடியுமா?"

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. வெளியில் வெயில் அதிகம்.

"முடியாது" என்றார்.

தீர்ப்பு எங்கள் பக்கம் வந்தது. ஜட்காவில் திரும்பும்போது நாட்டாமையும் கூட வந்தார். சந்தோஷத்தில் அவருக்கு நிலைகொள்ளவில்லை. ஆனாலும் இங்கிதம் தெரிந்தவர். என் கணவரின் முழங்காலில் கை வைத்தார்.

"சிரிச்சாங்கன்னு மனசுல வெச்சிக்காத வாத்தியாரே. அந்தக் காலத்து ஆளுங்க மாதிரி இப்போ யாரு எழுதறாங்க, சொல்லு."

"ஆமா" என்றார் இவர்.

வீட்டுக்கு வந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார். நான் அடுப்பை மூட்டப் போனேன். அவர் சமையல் கட்டு வாசலில் வந்து நின்றார். அங்கே அவர் வந்து நிற்பதே அபூர்வம்.

"எல்லாத்தையும் நீதானே எழுதின. அவரு சொன்னது நெசமா?"

வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அந்தக் கிழவருக்கு என்ன தெரியும் என்று சொல்லியிருப்பாள். நானும் வேறு ஒரு நாளாக இருந்தால் சொல்லியிருப்பேன். காலையிலிருந்து உள்ளே ஒன்றும் அசையாமல் கிடந்தது. கேட்டதற்குப் பதில் தானாக வாயிலிருந்து வந்தது.

"நெசம்தான்" என்றேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்க் கால் கழுவினார். அதற்குப் பிறகு அவர் செய்யுள் எழுதவில்லை. ஞாயிற்றுக்கிழமை கல்வெட்டுக்குப் போவதை விடவில்லை. சிவப்பு மைக்கூடு காய்ந்து கிடந்தது. உடைந்த இடத்தில் மற்றவர்களைப் போல அவரும் புள்ளி வைக்கத் தொடங்கினார். புள்ளிகளை வரிசையாக, ஒரே அளவாக, நான் பிரதியில் வைத்துக்கொண்டு போனேன். எங்களுக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. வீட்டில் பேச்சும் அதிகம் இல்லை. சண்டை என்று சொல்லவும் ஒன்றும் இல்லை. இரண்டு பேரும் சோறு சாப்பிட்டோம், தூங்கினோம், எழுந்தோம்.

ஏழெட்டு வருஷம் இப்படிப் போனது. நாட்டாமைக்குத் திடீரென்று ஒரு யோசனை தோன்றியது. பழைய கல்லைக் கொத்தியது தப்புதான், புதுக்கல்லில் அந்தப் பாட்டை வெட்டி அதே இடத்தில் வைத்துவிடலாம் என்றார். தச்சர் வெட்டி முடித்ததும் பிழை பார்க்க வாத்தியாரைக் கூப்பிட்டார்கள். நானும் அம்மனுக்கு மாவிளக்கு எடுத்துக்கொண்டு கூடப் போனேன்.

கல் சுவரில் சாய்த்து வைத்திருந்தது. அவர் குனிந்து, விரலை எழுத்தின் மேல் வைத்து, சொல் சொல்லாகப் படித்தார். மூன்றாவது அடியில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. அதைக் காட்டினார். தச்சர் அங்கேயே உளியால் போட்டார். வேலை முடிந்தும் இவர் எழுந்திருக்கவில்லை. கல்லைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார்.

"எப்படி இருக்குது?" என்று கேட்டார்.

கல்லைக் கேட்கவில்லை, பாட்டைக் கேட்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் அதைப் பற்றி என்னிடம் கேட்டது அந்த ஒரு தடவைதான். நாட்டாமை பக்கத்தில் நின்றார். தச்சர் நின்றார். தெருவில் பாதிப் பேர் நின்றார்கள்.

"பழைய ஆளுங்க எழுத்து. கேக்கணுமா" என்றேன்.

நாட்டாமை சிரித்தார். இவரும் லேசாகச் சிரித்தார். கையில் ஒட்டிய கல்பொடியை வேட்டியில் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

அத்தனை பேர் முன்னால் வேறு என்ன சொல்லியிருக்க முடியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வதுண்டு. ஆனால் வீட்டுக்கு வரும் வழியில் நாங்கள் இருவர் மட்டும்தான் நடந்தோம். வீட்டிலும் இருவர் மட்டும்தான். நான் எழுதிய அத்தனையிலும் எனக்கு நினைவில் நின்றது அந்த நாலு அடிதான். கோலம் போடும்போது, அரிசி களையும்போது, தூக்கம் வராதபோது அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். என் குழந்தையைக் கடைசியாகக் குளிப்பாட்டித் துடைத்த துணி எனக்கு அதில் வந்து நிற்கும். அவரும் அதை நினைத்துத்தான் எழுதினார் என்று சொல்ல முடியாது, குழந்தை பிறப்பதற்கு முன்பே எழுதியது. ஆனாலும் எனக்கு அழுகை வந்தது அந்த நாலு அடிக்குத்தான்.

அது உங்களுடையது, நன்றாக இருக்கிறது என்று சொல்ல, அவர் போய்ச் சேருவதற்கு முன்னால் எனக்கு இன்னும் மூன்று வருஷம் இருந்தது. நான் சொல்லவில்லை.